வேலை மொய்: தெருவுக்குள்ளேயே வீட்டுப் பழுது பார்த்துக்கொள்வது எப்படி

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பட்டுக்கோட்டையில் முப்பத்தோரு வருடமாக இதே வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, சுற்று எண்ணிப் புதுக்கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். அதைத் தாண்டி எதுவும் தெரியாது. நான் சுவரில் ஆணி அடித்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழும். கதவைத் தொட்டேன் என்றால் அன்றிரவு அது சாத்தாது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தபோது இது எனக்கு நன்றாக உறைத்தது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. என் வீட்டு முன்பக்கத் தகரம் எதிர்வீட்டுக் கொல்லையில் கிடந்தது, மாடியின் கைப்பிடிச் சுவர் பாதி இல்லை. இரட்டைக் கூலி தருகிறேன் என்றாலும் ஆள் இல்லை. வேலைக்காரர்களுடைய வீடுகளும்தானே விழுந்திருந்தன. மூன்றாம் வீட்டுக் கொத்தனார் வந்து நின்றார். அவர் வீட்டு மோட்டார் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. வாடகை ஜெனரேட்டரைத் தெருத்தெருவாக இழுத்துவந்து தண்ணீர் ஏற்றிய நாட்கள் அவை. ஜெனரேட்டர் நம் வாசலுக்கு வரும்போது மோட்டார் ஓடவில்லை என்றால் அன்றைக்குக் குடத்தோடு அலைய வேண்டியதுதான். "நீங்கள் என் மோட்டாரைப் பாருங்கள், நான் உங்கள் சுவரைப் பார்க்கிறேன்" என்றார். அன்று மாலையே இருவர் வேலையும் முடிந்தது.

பிறகு ஒயரிங் தம்பி சேர்ந்தார், தச்சர் சேர்ந்தார், குழாய் வேலை செய்கிறவர் சேர்ந்தார். பதினான்கு வீட்டுத் தெருவில் ஐந்து தொழில். ஒரு வருடம் ஓடியது. அப்புறம் உடைந்தது. எப்படி உடைந்தது, பிறகு எப்படி ஒட்ட வைத்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். உங்கள் தெருவிலும் இதைச் செய்யலாம், நாங்கள் விழுந்த பள்ளத்தைப் பார்த்து நடந்தால்.

ஆள் எண்ணுவது

முதலில் தெருவில் யாருக்கு என்ன கைவேலை தெரியும் என்று பாருங்கள். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், கம்பெனி பெயரும் கடை பெயரும்தான் பதிலாக வரும். "உங்கள் வீட்டில் எது கெட்டால் நீங்களே சரி செய்துகொள்வீர்கள்?" என்று கேளுங்கள். எங்கள் தெருக்கோடி அக்காவை எல்லோரும் மாவரைக்கும் அக்கா என்றுதான் நினைத்திருந்தோம். அவர் இருபது வருடம் சித்தாளாகப் போனவர். கலவை பார்ப்பதில் கொத்தனாரே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். பேருந்து நிலையத்தில் பழக்கடை வைத்திருப்பவர் சிங்கப்பூரில் எட்டு வருடம் வர்ணம் அடித்தவர். ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவருக்கு ஆணியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனால் மின் இணைப்புப் பெயர் மாற்றம், வாரண்டி அட்டை, புகார் மனு எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடுவார். அதுவும் வீட்டு வேலைதான். எண்ணிக்கையில் சேருங்கள்.

தொழில் தெரியாதவர்களை விட்டுவிடாதீர்கள். ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் எப்போதும் வேண்டும். ஏணி பிடிக்கிறவர் நடுவில் தொலைபேசியை எடுக்கிறவராக இல்லாமல் இருந்தால் போதும்.

ஏன் உடைந்தது

ஒயரிங் தம்பி திடீரென்று யார் அழைத்தாலும் எடுக்காமல் போனார். விசாரித்தால், இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து கை கழுவும்போது யாராவது ஒருவர் வாசலில் நிற்பாராம். "ஒரு சுவிட்ச்தானே தம்பி." சுவிட்சைத் திறந்தால் உள்ளே ஒயர் உருகியிருக்கும், ஒன்றரை மணி நேரம் போய்விடும். கடைசியில் ஒரு காபி. அவருக்கோ வாடகை வீடு. அவர் வீட்டில் பழுது வந்தால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ஆகவே பதினோரு மாதத்தில் அவர் தெருவுக்குச் செய்தது முப்பது முறைக்கு மேல், தெரு அவருக்குச் செய்தது ஒன்றுமில்லை. இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை. கணக்குப் பார்ப்பது அசிங்கம் என்று நினைத்தோம்.

என் மனைவிதான் கேட்டாள். "பேராவூரணிப் பக்கம் பிறந்துவிட்டு, ஐம்பது ரூபாய் மொய்யைக்கூட நோட்டில் எழுதி வைக்கிற நாம், ஒரு மனிதனுடைய உழைப்பை எழுதாமல் விடலாமா?" அவள் கேட்டது சரி. எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில், விருந்து வைத்து ஊராரிடம் பணம் திரட்டுகிற மொய் விருந்து நடக்கும். யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிக்கு வரி எழுதுவார்கள். எழுதுவதால் யாருக்கும் கௌரவம் குறைவதில்லை. எழுதாமல் விட்டால்தான் சண்டை. ஆகவே வேலைக்கும் மொய் மாதிரி ஒரு நோட்டுப் போட்டோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தெரிந்தவன் சும்மா செய்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் பழையது. களத்துமேட்டில் வருடத்துக்கு ஒருமுறை நெல் அளந்துவிட்டு, அந்த வருடம் முழுக்க தச்சரையும் கொல்லரையும் நினைத்தபோது கூப்பிட்ட காலத்தின் மிச்சம் அது. நெல் போய்விட்டது, கூப்பிடுகிற குரல் மட்டும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரராக ஒருவரைக் கூப்பிட்டால் அவர் உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார வேண்டும், நீங்கள் குடிக்கிற டம்ளரில் குடிக்க வேண்டும். அது முடியாத வீட்டை எங்கள் நோட்டில் சேர்க்கவில்லை. ஒரு வீடு அப்படி வெளியே நிற்கிறது, நிற்கட்டும்.

நோட்டு எழுதும் முறை

எங்கள் அளவு 'பொழுது'. காலை எட்டிலிருந்து மதியம் ஒரு மணி வரை ஒரு பொழுது, அதில் பாதி அரைப்பொழுது. அரை மணிக்குள் முடிகிற வேலை எழுத்தில் வராது, ஆனால் ஒரே வீட்டுக்கு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் அப்படிப் போனால் அரைப்பொழுதாக எழுதப்படும். 'ஒரு சுவிட்ச்தானே' என்ற வாசகத்துக்கு வைத்த பூட்டு அது.

யாருடைய பொழுதுக்கும் ஒரே மதிப்பு. இதில்தான் பெரிய வாக்குவாதம் வந்தது. வெளியே கொத்தனார் கூலி வேறு, சித்தாள் கூலி வேறு. எழுத்தர் மனு எழுதினால் அதற்கு என்ன விலை? வெளிச்சந்தை விலையை உள்ளே கொண்டுவந்தால் பேசாமல் பணமே கொடுத்துவிடலாம், நோட்டு எதற்கு என்றார் தச்சர். கொத்தனார் முதலில் முகம் சுளித்தார். அவர் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் எழுத்தர் இரண்டு நாள் உடன் அலைந்த பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மொய்யில் வாங்கியதைத் திருப்பும்போது மேலே புது மொய் சேர்த்துப் போட வேண்டும். இதில் அது கிடையாது. வாங்கிய அளவு திருப்பினால் போதும்.

யாரும் நான்கு பொழுதுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், நான்குக்கு மேல் யாருக்கும் வரவும் சேரக் கூடாது. நிறையச் செய்துவிட்டு ஒன்றும் வாங்காதவர்தான் ஒருநாள் கோபித்துக்கொண்டு போவார். ஒயரிங் தம்பியைத் திரும்பக் கூட்டிவந்தபோது, அவர் வாடகை வீட்டில் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்பதால், கிராமத்தில் அவர் அம்மா இருக்கும் ஓட்டு வீட்டுக்கு நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஓடு மாற்றி, சட்டத்தில் கரையான் மருந்து அடித்துவிட்டு வந்தோம். நோட்டைப் பார்த்திருக்காவிட்டால் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

பொருள் செலவு முழுக்க வீட்டுக்காரருடையது. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும், ரசீது அவர் கையிலேயே இருக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர் கைக்காசில் வாங்கிவந்தால் அந்தக் காசைக் கேட்க அவருக்குக் கூச்சம், கேட்காவிட்டால் வருத்தம். சாப்பாடு போடலாம், ஆனால் அதைப் பொழுதில் கழிக்கக் கூடாது. கருவியை இரவல் கேட்கக் கூடாது. கரணை வேண்டும் என்றால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். உளியை இரவல் கொடுத்து, பெயின்ட் டப்பா திறந்த மொண்ணை உளியாகத் திரும்ப வாங்கிய தச்சர் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நோட்டு யாரிடம் இருக்க வேண்டும்? தொழில்காரர் எவரிடமும் வேண்டாம். எங்களுடையது என் மனைவியிடம் இருக்கிறது. அவளிடம் கேட்டுத்தான் யாரையும் கூப்பிட வேண்டும், நேராக வாசலில் போய் நிற்கக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

எந்த மாதத்தில் யாரைக் கேட்பது

கூலி வேலை இருக்கும் நாளில் யாரையும் கேட்கக் கூடாது. வர்ணம் அடிப்பவரைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் கூப்பிடுவது அவர் சோற்றில் கை வைப்பது. கோடையில் என்னைக் கூப்பிடாதீர்கள். கிணறுகள் வற்றி மோட்டார்கள் வெறுமனே ஓடி எரியும் காலம், கடையில் படுக்கக்கூட இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கொத்தனார் சும்மா இருப்பார், ஆனால் மழையில் அவரால் மாடியில் எதுவும் செய்ய முடியாது. ஆகவே மாடி வேலையை ஆவணிக்குள் முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் அவரை வீட்டுக்குள் சின்ன ஒட்டுப்பூச்சுக்கும் டைல்ஸ் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் கதவு இறுகினால் உடனே இழைப்புளி தேடாதீர்கள். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. அப்போது சீவினால் பங்குனியில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி நுழையும். தச்சர் முதலில் கீல் திருகைத்தான் பார்ப்பார். திருகு ஆடினால் கதவு தொங்கித் தரையில் உரசும். அந்தத் துளையில் பசை தடவிய சின்ன மரக்குச்சியைச் செருகி, அதன்மேல் திருகை முடுக்கினால் பாதிக் கதவுகள் சரியாகிவிடும்.

கூப்பிடும் முன் நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு பொழுதில் பாதியை, சாமான் நகர்த்துவதிலும் கடைக்கு ஓடுவதிலும் தின்றுவிடுகிறோம். வருகிறவர் கருவியோடு வந்து நேராக வேலையில் கை வைக்கும்படி இருக்க வேண்டும்.

மாடி ஒழுகல் என்றால் முதலில் ஒழுகும் இடம் எதுவென்று கண்டுபிடியுங்கள். உட்கூரையில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே விரிசல் இருக்க வேண்டும் என்பதில்லை; தண்ணீர் தட்டோட்டுக்கு அடியில் சரிவு பார்த்து ஓடி எங்கேயோ இறங்கும். கொத்தனார் சொல்லிக் கொடுத்த வழி இது: மாடியைச் சுத்தமாகப் பெருக்கி, மழைநீர்க் குழாயின் வாயைத் துணி வைத்து அடைத்து, ஒரு மூலையில் களிமண் வரப்பு கட்டி அந்தப் பகுதியில் மட்டும் தண்ணீர் தேக்குங்கள். ஒரு பகுதிக்கு ஒரு நாள் விடுங்கள். என் வீட்டில் நான்காம் நாள்தான் பிடிபட்டது. தளத்தில் ஒன்றுமில்லை, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் முடி அளவு விரிசல். அதைத் தேடாமல் மாடி முழுக்க மருந்து அடிக்கச் சொல்லி ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

விரிசலை அப்படியே மேலே பூசி மூடினால் அடுத்த கோடையில் மறுபடி வாய் திறக்கும். அதைக் கொத்தி அகலப்படுத்தி, தூசி தட்டி, நனைத்து, பிறகு கலவை அடைக்க வேண்டும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல், நீர்க்கசிவு தடுப்பு மருந்து பாக்கெட்டில் சொன்ன அளவு. கட்டி தட்டிய பழைய சிமென்ட் மூட்டையை எடுத்து வைக்காதீர்கள், கொத்தனார் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். அவர் போன பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது: ஏழு நாள் பூச்சு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே வைக்கோலோ சாக்கோ விரித்துக் காலையும் மாலையும் நனையுங்கள். தண்ணீர் காட்டாமல் விட்டு விரிசல் வந்தால் அது பூசினவர் குற்றம் ஆகாது, நோட்டிலும் அப்படியே எழுதப்படும்.

குழாயில் எங்கேயோ கசிகிறது என்ற சந்தேகம் இருந்தால், இரவு படுக்கும் முன் மேல்தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு எல்லாக் குழாயையும் மூடுங்கள். காலையில் யாரும் தொடும் முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு. இதைச் செய்துவிட்டுக் கூப்பிட்டால் குழாய்க்காரர் உங்களைக் கும்பிடுவார்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர். வீட்டுக் கூரை விசிறிக்கு வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட். பழையதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து அதே அளவு வாங்கி வையுங்கள்.

இனி என் துறை. மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். "கொஞ்சம் விட்டுப் பார்ப்போம்" என்று விடுகிற அந்தச் சில நிமிடத்தில்தான் காயில் கருகுகிறது, என் பிழைப்பில் பெரும்பங்கு அந்த நிமிடங்களில் இருந்து வருகிறது. தரையில் இருக்கும் மோட்டார் என்றால், மெயினை அணைத்துவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றி விசிறி இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். இறுகி நின்றால் துருவோ பேரிங்கோ. மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதன் முனையைத் தொடாதீர்கள். மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் ஃபுட்வால்வில் தண்ணீர் நிற்காமல் காற்று பிடித்திருக்கும். நீர் ஊற்றி நிரப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். "என்னவோ ஆகிவிட்டது" என்று சொன்னால் எனக்கு இரண்டு நடை.

எதை நோட்டில் எழுதவே கூடாது

கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்துடையது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளும் விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே அளவில் மாற்றுவது வரைதான் உரிமம் இல்லாமல் செய்ய விதி இடம் தருகிறது. புது லைன் இழுப்பது, ஏசிக்குத் தனி இணைப்பு கொடுப்பது எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேலை. ஒயரிங் தம்பிக்குக் கை நன்றாகவே வரும், இருந்தாலும் நாங்கள் கேட்பதில்லை. அவர் ஒவ்வொரு வீட்டிலும் முதல் நாளே கேட்டது ஒன்றுதான்: கசிவு மின்சாரத்தில் தானாக அணையும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உண்டா என்று. இல்லாத வீட்டுக்காரரிடம், முதலில் அதை முறைப்படி போட்டுவிட்டு வாருங்கள் என்றார். ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகச் சாதாரணக் கம்பி இழை சுற்றிய ஃபியூஸ் கட்டையைப் பார்த்த ஒரு வீட்டில், கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றிரவு அந்த வீடு இருட்டில் இருந்தது, யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

சமையல் எரிவாயு ரெகுலேட்டர், குழாய் எதுவானாலும் ஏஜென்சி ஆள்தான். வாசனை வந்தால் அடுப்பையும் சிலிண்டரையும் மூடி, சன்னலைத் திறந்து, மின் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ செய்யாமல் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. இறங்கச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும் வாயு அதில் இருக்கிறது. காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே போவார். லாரியை வரச் சொல்லுங்கள். மூடி உடைந்தால் புது மூடி வார்ப்பது மட்டும் கொத்தனார் பொழுது.

சுவரை இடித்து வாசல் வைப்பதும் இந்தப் பட்டியல்தான். எது சுமை தாங்கும் சுவர் என்று பொறியாளர் சொல்லட்டும்.

அடிபட்டால் மருத்துவச் செலவு வேலை நடந்த வீட்டுக்காரருடையது. முதல் பக்கத்திலேயே இதை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். இதுவரை தச்சரின் கட்டைவிரலுக்கு நான்கு தையல் மட்டும்.

வேலை கோணலாக வந்தால்

பணம் கொடுத்துச் செய்த வேலை என்றால் சத்தம் போடலாம். தினமும் முகம் பார்க்கிறவரிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு வரிசை டைல்ஸ் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருந்தது. மூன்று வாரம் நானும் மனைவியும் அதைப் பார்க்காதது போல் நடித்தோம். கடைசியில் ரசமட்டத்தை எடுத்து அந்த வரிசைமேல் வைத்துவிட்டு, கொத்தனாரைக் காபிக்கு அழைத்தோம். குமிழி ஒரு பக்கம் ஓடியதைப் பார்த்தார். "அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை" என்றார். மறுநாள் பெயர்த்து ஒட்டினார். அதிலிருந்து, ஒரு மாதத்துக்குள் தெரிந்த குறையைச் செய்தவரே பொழுது எழுதாமல் திருத்த வேண்டும், உடைந்த பொருளுக்கு வீட்டுக்காரர் பணம் என்று வைத்துக்கொண்டோம். சொல்வதற்குச் சங்கடமானால் கருவியைச் சொல்ல விடுங்கள். தூக்குக்குண்டு யாரையும் புண்படுத்தாது.

கொடுக்காமல் வாங்கிக்கொண்டே இருக்கிறவரும் எல்லாத் தெருவிலும் ஒருவர் உண்டு. அவருக்கு நான்கு பொழுதோடு நின்றுவிடும், அவ்வளவுதான், பேச்சு தேவையில்லை. திருப்ப முடியாதவர் வேறு. எங்கள் எட்டாம் வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது. அவருக்குக் கணக்கு வேண்டாம் என்றோம். "என்னைப் பிச்சை எடுக்க வைக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். இப்போது வேலை நடக்கும் வீடுகளின் சாவி அவரிடம் இருக்கும். வெளியூர் போனவர்கள் வீட்டுப் பூச்சுக்குத் தண்ணீர் காட்டுகிறார்களா என்று பேரனை ஏவிப் பார்த்துக்கொள்வார். வாரத்துக்கு அரைப்பொழுது. அவர்தான் இன்று நோட்டில் அதிக வரவு வைத்திருப்பவர்.

அதிகப் பாக்கி வைத்திருப்பவன் நான். கொத்தனாருக்கு மூன்று பொழுது. அவர் வீட்டு மோட்டாரை அன்று நான் கட்டிய காயில் இன்னும் எரியவில்லை, அதனால் அந்த வழியில் தீர்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கொல்லைச் சுவருக்குப் பூச்சு. தெருக்கோடி அக்காவுக்கு முழங்கால் வலி என்பதால் கலவைச் சட்டி தூக்க ஆள் வேண்டுமாம். ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட வேண்டும், பழைய லுங்கி கட்டி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.